மீட்டிங் வெச்சா ஆள் வரல, என்ன செய்றது?

இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "தேயிலைத் தோட்டத்துல குடிதண்ணி திட்டத்துக்கு நான் கோடினேட்டர். மிட்வைஃப் மிஸ், பிரதேச சபை டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்), கொழுந்து எடுக்கிற அக்காமார் நாலு பேர்னு டீம். யாரும் எனக்கு கீழ இல்ல. மீட்டிங் வெச்சா வரமாட்டேங்கிறாங்க. எப்படி உற்சாகப்படுத்துறது?"

தங்கச்சி, மீட்டிங் எத்தன மணிக்கு வெச்சீங்க? பகல் ரெண்டு மணிக்குனா அந்த அக்காமாருக்கு அரைப்பேர் தான் விழும், பாதி சம்பளத்த விட்டுட்டு யாரு வருவா? சாயங்காலம் கடைசி நிறுவை முடிஞ்சதும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்டயே பத்து நிமிஷம் நின்னு பேசுங்க. "எல்லாரும் ஒத்துழைக்கணும்"னு சொன்னா யாருக்கும் ஒட்டாது. "அக்கா, ஒங்க லயத்துல (லைன் வீட்டு வரிசையில) எத்தன பைப்பு ஒழுகுதுனு வெள்ளிக்கிழமைக்குள்ள எண்ணி சொல்லுங்க"னு ஆளுக்கு ஒரு வேலையா குடுங்க. அவங்க எண்ணி சொன்னத அடுத்த தடவ எல்லார் முன்னாடியும் அவங்க பேர சொல்லியே வாசிங்க.

மிட்வைஃப் மிஸ் கதை வேற. அவங்க எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டருக்கு கீழ. அவர் விடாம அவங்க வர ஏலாது, கிளினிக் நாளும் வீட்டுக்கு போற நாளும் முன்னாடியே போட்டிருக்கும். அதனால அவங்ககிட்ட கெஞ்சாதீங்க, டொக்டருக்கு ஒரு லெட்டர் குடுங்க, எந்த நாள், எத்தன மணி நேரம்னு தெளிவா எழுதுங்க. அவங்க வந்து உதவி செஞ்ச பிறகு டொக்டருக்கே நன்றி லெட்டர் போட்டு ஒரு கொப்பி மிஸ் கையில குடுங்க. அவங்க உழைப்ப மேல இருக்கிறவங்க பாக்கிறதே அபூர்வம், அந்த ஒரு தாள் செய்ற வேலைய எந்த டிரெயினிங்கும் செய்யாது.

டி.ஓ. "தோட்டம் எங்களுக்கு வராது"னு சொல்லுவார். 1987 பிரதேச சபை சட்டத்துல 33ம் பிரிவு தோட்டத்துல சபை வேலை செய்ய தடையா இருந்துச்சு, உண்மை தான், ஆனா 2018லயே திருத்தியாச்சே! இன்னும் எத்தன வருஷம் இதே பதில சொல்லி நம்ம சனத்த தண்ணி எடுக்க பீலிக்கு அனுப்புவாங்க? கோபப்படாம அந்த திருத்தத்த பிரிண்ட் எடுத்து சபை செயலாளருக்கு எழுத்துல கேளுங்க, அப்ப டி.ஓ.வுக்கும் வர்றதுக்கு ஒரு உத்தரவு கிடைக்கும்.

ரொம்ப கவனமா இருக்க வேண்டியது ஒன்னு இருக்கு. "ஆள் நான் கூட்டி தாறேன், அலவன்ஸ என் கையில குடுங்க"னு ஒருத்தர் கட்டாயம் வருவார். குடுக்காதீங்க. அந்தக் காலத்துல வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும், ஆள் கூட்டி வந்த கங்காணி தலைக்காசு வாங்கினாரே, அது தான் இது. ஒரு தடவ அவர் வழியா போனா அந்த அக்காமார் அவருக்கு தான் பதில் சொல்லுவாங்க, ஒங்களுக்கு இல்ல. பஸ் காசோ சாப்பாட்டு காசோ, எதுவா இருந்தாலும் அவங்கவங்க கையில குடுத்து கையெழுத்து வாங்குங்க.

இந்த வாரம் மீட்டிங்கே வேணாம். நாலு அக்காமாரையும் தனித்தனியா வீட்டுல போய் பாத்து, தண்ணி வந்தா முதல்ல எங்க வேணும்னு கேட்டு எழுதிக்கிட்டு வாங்க.