கட்டுரை நோட்டில் யாருடைய ஊர்?

கேள்வி: சேரன்மகாதேவி அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளைத் தடுக்காமல் எழுதவிடுங்கள், பிழையைப் பிறகு பார்க்கலாம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எங்கள் தலைமையாசிரியரோ பார்த்தெழுதுதல், சொல்வதை எழுதுதல், கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்தல் ஆகிய மூன்றும் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

தலைமையாசிரியர் சொன்ன மூன்றில் முதல் இரண்டை விட்டுவிடாதீர்கள். மூன்றாவதை இந்த வாரமே நிறுத்துங்கள்.

நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. 'மளை' என்று எழுதும் பிள்ளைக்குக் கவனக்குறைவு இல்லை; காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. அதற்குச் சொல்வதை எழுதுதல் மட்டும் வைத்தால் பிழை வெளியே தெரியும், சரியான எழுத்து மனத்தில் பதியாது. கண் பார்த்துக் கை எழுதினால்தான் பதியும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தை உரக்கச் சொல்லி மணலில் எழுதவைத்தார்களே, அதில் இந்த அறிவு இருந்தது. இன்று பார்த்தெழுதிய பத்தியையே நாளை சொல்வதை எழுதுதலாக வையுங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

கட்டுரை வேறு விஷயம். 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால், மழை பெய்து குளம் நிறையுமா என்று காத்திருக்கும் நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளையும் 'சலசலவென ஆறு பாயும் எழில்மிகு கிராமம்' என்றுதான் எழுதுகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த ஊர் மட்டும் இருக்காது. இப்படிப்பட்ட நோட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வெதும்புகிறது. பத்தமடையில் பாய் நெய்யும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்தால், கோரையைக் கிழிப்பதும் ஊறப்போடுவதும் சாயம் ஏற்றுவதும் நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும். கரும்பலகைக் கட்டுரை அந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது.

யோசிப்பது, வரைவு எழுதுவது, பேசித் திருத்துவது, மறுபடி எழுதுவது என்று படிப்படியாகப் போகும் முறை 1970களில் அமெரிக்க வகுப்பறைகளில் பரவியது. உங்கள் பயிற்சியில் சொன்னதும் அதையொட்டியதே. தமிழுக்கு இதில் இன்னொரு படியும் வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. முதல் வரைவு வீட்டுப் பேச்சிலேயே வரட்டும். 'எங்கம்மா கோரைய கிளிச்சு ஊறப்போடுதா' என்று ஒரு பிள்ளை எழுதினால், அதை 'எங்கள் அம்மா கோரையைக் கிழித்து ஊறப்போடுகிறார்' என்று மாற்றும்போதே ழகரம், ஐ உருபுக்குப் பின் வல்லினம் மிகுவது, எழுத்துத் தமிழின் வினைமுற்று மூன்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். தன் வாக்கியம் என்பதால் பிள்ளை மறக்காது.

சிவப்பு மையை முதல் வரைவில் தொடாதீர்கள். இரண்டாவதில் தொடுங்கள், அதுவும் வாரத்துக்கு ஒரு வகைப் பிழைக்கு மட்டும். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சுழித்தால், பிள்ளை அடுத்த முறை தெரிந்த நான்கு சொற்களோடு நிறுத்திக்கொள்ளும்.

தலைமையாசிரியரின் கவலை பொதுத்தேர்வு பற்றியதாக இருக்கும், அது நியாயமானதே. பத்தாம் வகுப்புத் தேர்வில் குறிப்புகளைக் கொடுத்து விரித்தெழுதச் சொல்கிறார்கள். அதற்கு மனப்பாடத்தைவிட விரித்தெழுதிய பழக்கமே கைகொடுக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள். கட்டுரை நோட்டில் இடப்பக்கம் வரைவும் வலப்பக்கம் திருத்திய படியும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கையெழுத்துக்காக நோட்டுகளை அவரிடம் கொண்டுபோகும்போது இரண்டு பக்கங்களையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.