நார்கேல் நாரு ஏன் உதிர்கிறது?

பௌர்ணமியன்று நடக்கும் கோஜாகரி லட்சுமி பூஜைக்கு வங்காளத்து வீடுகளில் செய்யும் நார்கேல் நாருவை, அதாவது வெல்லத் தேங்காய் உருண்டையை, நீங்கள் செய்தபோது பிடிக்க வராமல் உதிர்ந்தது என்கிறீர்கள். கடையில் விற்கும் உலர் தேங்காய்த்தூள் போட்டிருந்தால் காரணம் அதுதான். முற்றிய தேங்காயை அன்றே துருவுங்கள். அதன் பாலும் எண்ணெயும்தான் உருண்டையைச் சேர்த்துப் பிடிக்கும்.

2 கப் துருவலுக்கு 1 கப் பொடித்த வெல்லம். இரண்டையும் கையாலேயே பிசைந்து, அடிகனமான வாணலியில் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் இளகி நீர் விடும், பயப்பட வேண்டாம். அப்புறம் மெல்லச் சுருண்டு ஓரம் விடும். ஒரு சிட்டிகை எடுத்து உருட்டிப் பாருங்கள்; விரலில் ஒட்டாமல் உருண்டால் உடனே இறக்குங்கள். இரண்டு நிமிடம் தாண்டினாலும் பாகு முற்றி, உருண்டை கல்லாகிவிடும். ஏலப்பொடி கடைசியில்.

சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். உள்ளங்கையில் நெய் தடவிக்கொண்டு, கை பொறுக்கும் சூட்டில் பிடியுங்கள். ஆறி உதிர்ந்துவிட்டதா? இரண்டு ஸ்பூன் பால் தெளித்து மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும், ஆனால் அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

வங்காளத்தின் புகழ்பெற்ற ஈச்ச வெல்லத்தை இதற்காகத் தேடி அலைய வேண்டாம். அது குளிர்காலத்துச் சரக்கு. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் இந்தப் பௌர்ணமிக்குக் கரும்பு வெல்லமே போதும்.