மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?

வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் தலைமுடிதான். அதனால் நீரிழிவுக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் யாருடையதும் இல்லை, ஊர் மட்டும்.

*எனக்கு 28 வயது. முதல் பிள்ளைக்கு நாலு மாதம். தலை முழுகினால் கை நிறைய முடி வருகிறது, அடியில் வெள்ளைக் குமிழோடு, வேரோடேயே வருகிறது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்கிறார் மாமி. கட்டாரில் இருக்கும் இவர் பயோட்டின் குளிசை இரண்டு போத்தல் அனுப்பியிருக்கிறார். குடிக்கலாமா டொக்டர்?*
— களுவாஞ்சிகுடி

மகள், மாமி சொன்ன காரணம் பிழை, கணக்கு சரி. பிள்ளை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டாம் மாதமளவில் தொடங்கி மூன்றாம் மாதத்தில் நன்றாகத் தெரியும். தாய்க்கு முடி கொட்டத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த நேரம்தான். அந்தக் காலத்துப் பெண்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வளர்ந்து, பிறகு மூன்று மாதமளவில் சும்மா இருந்து, விழுந்துவிடும். ஒரு வருத்தமும் இல்லாதவருக்கே நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது அதனால்தான். கர்ப்ப காலத்தில் ஈஸ்திரஜன் என்ற ஹோர்மோன் கூடி நிற்பதால் விழ வேண்டியது விழாமல் தங்குகிறது. எட்டாம் மாதத்தில் உங்கள் கொண்டை எப்படித் தடித்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பிறந்ததும் அந்த ஹோர்மோன் சில நாளிலேயே சடாரென்று இறங்கும். தங்கி நின்றதெல்லாம் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஒரேயடியாக விழும். ஐப்பசியில் விதைத்ததைத்தானே மாசியில் அறுக்கிறோம். கொட்டிய முடியைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். நான் பையை வாங்குவதில்லை. கலண்டரை மூன்று மாதம் பின்னால் புரட்டச் சொல்வேன். காய்ச்சலா, சத்திரசிகிச்சையா, பட்டினி கிடந்து மெலிந்ததா, வீட்டில் ஒரு சாவா? ஏதாவது ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும்.

அந்த வெள்ளைக் குமிழைக் கண்டு வேரே பிடுங்கி வந்துவிட்டது என்று அழ வேண்டாம். ஓய்வு முடிந்து விழும் முடியின் அடி அப்படித்தான் இருக்கும். முடியை முளைக்கச் செய்யும் பை தலைத்தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கு இது உச்ச நேரம். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் அநேகமானவர்களுக்கு அடங்கிவிடும். ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும், பின்னல் பழைய தடிப்புக்கு வர அதற்கு மேலும் காலம் எடுக்கும். நெற்றியோரம் குட்டை முடி குத்திட்டு நின்றால் அசிங்கம் என்று எண்ணெய் வைத்துப் படிய வைக்கப் பார்ப்பார்கள். அது புது முடி, சந்தோஷப்படுங்கள்.

மாமியோடு நான் சண்டை பிடிக்கும் இடம் பத்தியம். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். பால் கொடுக்கிற பெண்ணுக்குச் சரக்குத் தண்ணியும் சோறும் சுட்ட கருவாட்டுத் துண்டும் காணாது. முட்டை, மீன், பருப்பு, பயறு, தயிர், கீரை எல்லாம் தட்டில் வேண்டும். கிளினிக்கில் திரிபோஷா சத்துமா தந்தால் அது தாய்க்கு. எங்கள் வீடுகளில் அதை உருண்டை பிடித்து, எல்லோரும் தின்று முடிந்த பிறகுதான் தாயின் முறை வரும்.

இனிக் குளிசை. பயோட்டின் ஒரு விற்றமின், உடலில் அது குறைவது மிக அரிது. வளர்ந்தவருக்கு நாளுக்கு 30 மைக்ரோகிராம், பால் கொடுப்பவருக்கு 35, அவ்வளவுதான் தேவை. கடையில் விற்கும் குளிசை ஒன்றிலேயே 5,000, 10,000 என்று இருக்கும். குறைபாடு இல்லாதவருக்கு அது முடியைக் கூட்டும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அதைவிடத் தொல்லை, சில இரத்தப் பரிசோதனைகளை அது குழப்பிவிடும், முக்கியமாகத் தைரொயிட் பரிசோதனையை. பிள்ளை பெற்ற ஒரு வருடத்துக்குள் சில பெண்களுக்குத் தைரொயிட் சுரப்பியில் அழற்சி வருவதுண்டு. நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத களைப்பு, எடை சட்டென்று கூடுவது குறைவது என்று ஏதும் இருந்தால் ரி.எஸ்.எச் என்ற தைரொயிட் பரிசோதனை பார்க்க வேண்டிவரும், அந்த நேரத்தில் போத்தல் குறுக்கே நிற்கும். கணவருக்கு நன்றி சொல்லி, அடுத்த முறை பேரீச்சம்பழம் அனுப்பச் சொல்லுங்கள்.

*வயது 43. வயல் வேலை. முடி மெலிந்து எலிவால் போல ஆகிவிட்டது. கொஞ்ச நாளாக வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மாதவிடாய் எட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாக. உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியவில்லை, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். செவ்வரத்தம்பூ எண்ணெய் காய்ச்சிப் பூசுகிறேன். வேறு என்ன எண்ணெய் நல்லது?*
— திருக்கோவில்

எண்ணெய்க்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியம் அந்த ஒரு பிடி அரிசி. பச்சை அரிசி, மண், ஐஸ்கட்டி, சோக்கு என்று மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்து வற்றியவர்களிடம் காணும் குணம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இது சிரிக்கிற விஷயம் இல்லை. எட்டு நாள் உதிரப்போக்கும் மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் நான் வேறு எதையும் யோசிக்க மாட்டேன், முதலில் இரத்தத்தைத்தான் பார்ப்பேன்.

கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று எப்.பி.சி என்ற சாதாரண இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. மற்றது பெரிட்டின். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது இதுதான். ஹீமோகுளோபின் 12, 13 என்று நன்றாக இருக்கும்போதே சேமிப்பு காலியாகியிருக்கலாம். “இரத்தம் நல்லம்” என்று சொல்லி அனுப்பிவிட்ட பெண்களில் எத்தனையோ பேருக்கு இதைப் பிறகு பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறேன். பெரிட்டின் 15க்குக் கீழே போனால் குறைபாடு நிச்சயம். முடி கொட்டுகிறவர்களுக்கு அது 30, 40க்கு மேல் நிற்பதைத் தோல் வைத்தியர்கள் பலர் விரும்புவார்கள். காய்ச்சலோடு போய் இதைப் பார்க்காதீர்கள். காய்ச்சலில் அது பொய்யாகக் கூடிக் காட்டும்.

இரும்புக் குளிசை தந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள். பாலும் கல்சியம் குளிசையும் பக்கத்தில் வரக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம், சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் மூன்று மாதமளவில் தொடர வேண்டும். முடி திரும்புவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் இருக்கும், நம்மூரில் யாருக்கு இல்லை? அந்தச் சாயம் சோற்றிலும் கறியிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். முருங்கையிலை வறை நல்லதுதான், ஆனால் இலையில் உள்ள இரும்பு உடம்பில் கொஞ்சமாகத்தான் ஏறும். மீன், இறைச்சி, கோழி ஈரலில் உள்ளது நன்றாக ஏறும். வறையில் தேசிக்காய் பிழிந்து, பக்கத்தில் நெத்தலிப் பொரியலும் வைத்தால் இலையில் உள்ளதும் கூட ஏறும்.

இவ்வளவு செய்தாலும் மாதாமாதம் போகிற இரத்தம் போய்க்கொண்டே இருந்தால் பலன் இல்லை. கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்ய வேண்டும். உங்கள் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவில் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். அங்கே போய் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள், உதிரப்போக்கை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

செவ்வரத்தம்பூ எண்ணெய் வையுங்கள். முடி முறியாது, சீவ இலேசு, வாசமும் நல்லது. முடிக்குச் சாப்பாடு போவது மட்டும் இரத்தம் வழியாக.

*பல்கலைக்கழக மாணவி, 22 வயது, ஒலுவிலில் விடுதியில் இருக்கிறேன். உச்சி வகிடு அகலமாகிக்கொண்டு போகிறது. நாடியிலும் மேலுதட்டிலும் முடி வளர்கிறது. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். பர்தா போடுவதால்தான் தலைமுடி போகிறது என்கிறார்கள் தோழிகள். உண்மையா?*
— அக்கரைப்பற்று

பர்தா பாவம், விட்டுவிடுங்கள். ஈரத் தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, அதற்கு மேல் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி இழுபட்டு மெலியும். காயவிட்டுத் தளர்வாகக் கட்டுங்கள், அந்தப் பிரச்சினை முடிந்தது. உங்களுக்கு மெலிவது உச்சியில். நாடியில் வளர்வதும் உச்சியில் குறைவதும் ஒரே கையின் வேலை. அன்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் முகத்து முடியைத் தடிக்க வைக்கும், அதே ஹோர்மோன் சில பெண்களின் உச்சி முடியை மெல்லியதாக்கும். ஏன் இப்படி நேர்மாறாக என்று கேட்டால், எந்த இடத்து முடிப்பை எப்படிப் பதில் சொல்லும் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டது.

மாதவிடாய் தள்ளிப்போவதோடு சேர்த்துப் பார்த்தால் பி.சி.ஓ.எஸ் என்ற சூலக ஹோர்மோன் கோளாறாக இருக்கக் கூடும். ஒழுங்கற்ற மாதவிடாய், அன்ட்ரோஜன் கூடிய அடையாளம், ஸ்கேனில் சூலகத்தில் நிறையச் சிறு பைகள், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ் என்று 2003 முதல் கணக்கெடுக்கிறோம். அப்படி முடிவெடுக்கும் முன் தைரொயிட், புரோலக்ரின் (பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன்) போன்ற வேறு காரணங்களை விலக்க வேண்டும். இரத்தத்தில் சீனியும் பாருங்கள், ஏனென்றால் இதன் அடியில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாத குறை இருக்கிறது. எடை கூடியவராக இருந்தால் நூற்றுக்கு ஐந்து குறைத்தாலே மாதவிடாய் சீராகத் தொடங்குவதைக் காணலாம். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. அதற்காகப் பட்டினி கிடந்தால் மூன்று மாதத்தில் இன்னும் கொட்டும். விடுதியில் இரவுக் கொத்துரொட்டியும் சீனி போட்ட பால்தேத்தண்ணியும்தான் முதலில் குறைய வேண்டியவை. அவித்த கௌப்பி, கடலை, முட்டை எல்லாம் விடுதியிலும் கிடைக்கும்.

மருந்து தேவைப்பட்டால் வைத்தியர் கர்ப்பத்தடைக் குளிசையை எழுதக் கூடும். பெயரைக் கேட்டதும் உம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடும். ஹோர்மோனைச் சீராக்கத் தருவது என்று அவருக்கு விளங்கப்படுத்துங்கள், இல்லையென்றால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். ஸ்பைரோனோலக்ரோன் என்ற இன்னொன்றும் உண்டு, கர்ப்பமாக இருக்கும்போது அதை எடுக்கவே கூடாது. எதைத் தொடங்கினாலும் ஆறு மாதத்துக்கு முன் கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

*மனைவிக்கு மார்கழியில் டெங்கு வந்து வாட்டில் இருந்தார். இப்போது பங்குனியில் தலைமுடி கொட்டித் தீர்கிறது. டெங்கு இன்னும் உள்ளே இருக்கிறதா?*
— ஏறாவூர்

இல்லை தம்பி. முதல் பதிலை வாசியுங்கள், கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. மழைக்காலத்துடன் நம்மூரில் டெங்கு கூடும், சித்திரைப் பக்கம் என் அறையில் முடிக்காரர் கூடுவார்கள். வேறு காரணம் சேராவிட்டால் ஆறு மாதமளவில் தானாகவே நிற்கும். நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள். மொட்டை அடிக்கச் சொல்லும் ஆட்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

*53 வயது, ஆசிரியை. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். உச்சி தெரிகிறது. வைத்தியர் மினொக்சிடில் எழுதிக் கொடுத்தார். பூசி மூன்று கிழமையில் முன்னரைவிடக் கூடுதலாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடவா?*
— கல்முனை

நிறுத்தாதீர்கள் ரீச்சர். அது வேலை செய்யத் தொடங்கிய அடையாளமாக இருக்கலாம். ஓய்வில் இருந்த முடியை விரைவாக உதிர்த்துவிட்டுப் புதியதைக் கிளப்புவது அதன் குணம். சில கிழமையில் அடங்கும், பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். இரத்த அழுத்தத்துக்குக் குளிசையாகக் கொடுத்துவந்த மருந்து இது. குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைக் கண்ட பிறகுதான் தலைக்கு வந்தது. அதனால் இரவில் நன்கு காயவிட்டுப் படுங்கள், தலையணை வழியாக முகத்தில் பட்டால் முகத்திலும் முடி வரும். பூசுவதை விட்டால் சில மாதத்தில் வந்த முடியும் போய்விடும், அதையும் தெரிந்தே தொடருங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இதைப் பூச வேண்டாம், உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

*மகளின் பின்தலையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு வட்டமாக முடி இல்லை. புழுவெட்டு, சின்ன வெங்காயம் தேய் என்கிறார்கள்.*
— செங்கலடி

புழு ஒன்றும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிப்பையைத் தாக்குவதால் வருவது. பலருக்குத் தானே முளைக்கும், சிலருக்கு வட்டங்கள் கூடும். வெங்காயம் தேய்த்துத் தோல் வெந்து வருகிற பிள்ளைகளைக் காண்கிறேன், வேண்டாம். தோல் நோய் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அந்த இடத்தில் செதிள், சீழ், வலி, தழும்பு போல மினுங்கும் தோல் இருந்தால் இந்தக் கிழமையே போங்கள். அவை வேறு நோய்கள், தழும்பு விழுந்த இடத்தில் முடி திரும்ப வராது.

*எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதனால் முடி கொட்டுமா?*
— காத்தான்குடி

வேரோடு கொட்டாது. முடி வறண்டு, சொரசொரத்து, நடுவில் முறியும். விழுந்த முடியின் அடியில் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் தண்ணீரையும் சீப்பையும் சந்தேகிக்கலாம். கடைசியாக ஊற்றும் ஒரு வாளிக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் எடுங்கள். ஈரத் தலையைச் சீவாதீர்கள்.