சாய்ந்து ஓடும் ரயிலும் நம் மலைப்பாதையும்

கேள்வி: சேர், ஜப்பானில் 'யகுமோ' என்ற மின்சார ரயில் வளைவுகளில் மோட்டார் சைக்கிள் மாதிரி சாய்ந்து ஓடுவதைக் காணொளியில் பார்த்தேன். நம் பதுளைப் பாதையில் அதை விட்டால் கொழும்புக்குச் சீக்கிரம் போகலாமா? கோச்சியில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். அதில் இன்னும் கூடுமா?
– உயர்தர மாணவி, கொட்டகலை

பதில்: வாந்தியிலிருந்தே தொடங்குகிறேன், மகள். ஜப்பான்காரர்களையும் பல வருடம் படுத்திய பிரச்சினை அது. 1973இல் வந்த 381 வகை ரயிலில்தான் இந்தச் சாய்வு ஜப்பானில் முதலில் வழக்கத்துக்கு வந்தது. அதன் பெட்டி உருளைகள் மேல் ஊஞ்சல் போல உட்கார்ந்திருக்கும். வளைவில் வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை வந்த பிறகுதான் அது சாயும். அதாவது கொஞ்சம் பிந்தி. வளைவு முடிந்ததும் நிமிரவும் பிந்தும். அந்தப் பிந்தல்தான் வயிற்றைப் புரட்டியது.

2024 ஏப்ரலில் யகுமோவுக்கு வந்த 273 வகை வேறு. பாதையின் எல்லா வளைவுகளும் அதன் கணினியில் பதிவாகி இருக்கின்றன. ரயில் திரும்புவதை அளக்கும் சுழல்மானி (ஜைரோ) காட்டும் அளவை அந்தப் பதிவோடு ஒப்பிட்டு, தான் நிற்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்து, வளைவு தொடங்கும்போதே மெதுவாகச் சாய்கிறது. அதிகபட்சம் 5 பாகை. ஆகவே உங்களுக்குப் பழையதைவிட இது நல்லது.

என் அப்பா வட்டகொடைப் பக்கம் தண்டவாள வேலை செய்தவர். முடக்குகளில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி, கீழே சல்லிக்கல்லை இடித்து இறுக்குவார்கள். "கையில் இருக்கிற பிளேன்டீ சிந்தக்கூடாது, அவ்வளவுதான்" என்பார். ஜப்பானியர் செய்வதும் அதேதான், இன்னும் ஒரு படி மேலே. கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மீற்றர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போனால், நம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளும். அவர்கள் பாதையில் வெளித் தண்டவாளத்தை 105 மில்லிமீற்றர் உயர்த்தினால் அதில் பாதி அடங்கும். பெட்டி 5 பாகை சாய்ந்தால் மீதியும் ஏறக்குறைய அடங்கிவிடும்.

சரி, நம் பாதைக்கு வருவோம். இங்கே மிகக் கடுமையான முடக்குகளின் ஆரம் சுமார் 100 மீற்றர். மணிக்கு 25 கிலோமீற்றரில் போகும்போது பக்கவாட்டு விசை எடையில் இருபதில் ஒரு பங்குதான். தண்டவாள உயர்வே அதைச் சமாளிக்கும், சாய்வுக்கு அங்கே வேலை இல்லை. வேகத்தைக் கூட்டலாமே என்பீர்கள். சாய்வது பெட்டி மட்டும். சக்கரம் வெளித் தண்டவாளத்தை நெரிக்கும் விசை அப்படியேதான் இருக்கும். 44 அடிக்கு ஓர் அடி ஏறும் ஏற்றமும் உண்டு. மலையைக் குடைந்து முடக்குகளை நிமிர்த்தினால்தான் நேரம் மிஞ்சும். அதற்கு முன் எனக்கு வேண்டியது மழைக்காலத்தில் சரியாத மண்ணும், நன்றாக இடித்து இறுக்கிய சல்லிக்கல்லும். உங்கள் வயிற்றுக்கும் அதுதான் முதல் மருந்து.

கேள்வி: ஜப்பான் தண்டவாளம் நம்முடையதைவிட அகலமா?
– ஒரு வாசகர், அப்புத்தளை

பதில்: இல்லை. யகுமோ ஓடுவது 1,067 மில்லிமீற்றர் பாதையில். ஷிங்கன்சென் அதிவேக ரயிலுக்கு 1,435. அப்புத்தளை வழியே போகும் நம் பாதை 1,676. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியே இராகலைக்கு முன்பு ஓடிய சின்னக் கோச்சியின் பாதை மட்டும் 762தான்.