கெட்டிலிலிருந்து கெக் வரை: எந்த இடத்துக்கு எந்த ஹோஸ்?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டையும் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஹோஸ் மட்டும் கையில் கிடைத்ததுதான். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ஹோஸைப் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சி.

நொதிக்கவைக்கும் ஃபெர்மெண்டரோடு வந்த தெளிவான பிளாஸ்டிக் ஹோஸிலேயே கொதித்த வோர்ட்டையும் (நொதிக்காத மால்ட் சாறு) இறக்கலாமா? (டொராண்டோ வாசகர்)

கூடவே கூடாது. அது வைனல் ஹோஸ். 60, 65 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். உங்கள் வோர்ட் 100 டிகிரியில் இருக்கிறது.

ஆரம்ப நாட்களில் நானும் இதைத்தான் செய்தேன். வால்வைத் திறந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஹோஸ் வெந்த சேமியா போலத் துவண்டு, வால்வின் முனையிலிருந்து நழுவி விழுந்தது. வோர்ட் என் இடது காலில் கொட்டியது. அது வெந்நீரைப் போல வழிந்து ஓடிவிடாது. சர்க்கரை கரைந்த நீர் என்பதால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். காலுறையில் ஊறியது இன்னும் மோசம். மூன்று வாரம் செருப்புப் போட முடியவில்லை. அன்றிலிருந்து சூடான பக்கத்தில் சிலிகான் மட்டுமே, கால் மூடிய ஷூவோடு மட்டுமே.

சிலிகான் 200 டிகிரி வரை தாங்கும். உள்விட்டம் அரை அங்குலம் போதும். ஆனால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மெல்லியதை வாங்கினால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அது சப்பிப்போய் ஓட்டம் நின்றுவிடும். பம்ப் வைத்திருப்பவர்கள் வேகத்தைக் குறைக்கும் வால்வை வெளியேறும் பக்கத்தில் போடுங்கள், உள்ளே வரும் பக்கத்தில் அல்ல. ஹோஸ் இறுக்கமாகத்தான் ஏறியிருக்கிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு கிளாம்ப் வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சிலிகான் வழியாக ஆக்சிஜன் உள்ளே புகும். அதனால் நொதித்து முடிந்த பீர் நாள்கணக்கில் நிற்கும் இடத்துக்கு அது ஆகாது.

தோட்டத்து ஹோஸில் தண்ணீர் பிடிக்கலாமா?

கெட்டிலுக்குள், அதாவது காய்ச்சும் பாத்திரத்துக்குள், போகும் தண்ணீர் என்றால் வேண்டாம். அந்த ரப்பர் வாடை பீரில் அப்படியே தெரியும். கேரவன்களுக்கு விற்கும் குடிநீர் ஹோஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கொதித்த வோர்ட்டை ஆறவைக்கும் கூலிங் காயிலுக்குள் ஓடி வெளியேறும் தண்ணீருக்குத் தோட்டத்து ஹோஸே போதும்.

பீர் அடைத்து வைக்கும் கெக்கிலிருந்து பிடித்தால் முக்கால் டம்ளர் நுரை. கேஸைக் குறைத்தும் தீரவில்லை. (மெல்பர்ன் வாசகர்)

கேஸைக் குறைத்ததால்தான் தீரவில்லை. அழுத்தம் குறைந்தால் பீரில் கரைந்திருக்கும் கார்பன் டையாக்சைடு குழாய்க்குள்ளேயே பிரிந்து குமிழாகிவிடும். டேப்புக்கு (பீர் பிடிக்கும் திருகுக்கு) வந்து சேரும்போது அது பாதி நுரைதான்.

4 டிகிரி குளிரில் 12 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்தால் பெரும்பாலான ஏல் வகை பீர்களுக்கு ஏற்ற கார்பனேஷன் கிடைக்கும். அந்த அழுத்தத்தை டேப்புக்கு வருவதற்குள் குழாயே தின்றுவிட வேண்டும். குழாய் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால்தான் அது நடக்கும். உள்விட்டம் 3/16 அங்குலமுள்ள வைனல் குழாய் என்றால் 2 முதல் 3 மீட்டர் தேவை. நீங்கள் போட்டிருப்பது கால் அங்குலக் குழாய், அதுவும் ஒரு மீட்டர். நுரை வராமல் என்ன செய்யும்? நீளமாகவே வாங்குங்கள். பீர் மிக மெதுவாக வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்ளலாம். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

அப்புறம் ஒரு சோதனை. முதல் டம்ளர் மட்டும் நுரைத்து, உடனே பிடிக்கும் இரண்டாவது ஒழுங்காக வந்தால் குழாய் நீளத்தில் குற்றமில்லை. டேப்பின் தண்டு சூடாக இருக்கிறது. ஃபிரிட்ஜின் குளிர்காற்றை அதற்குள் கொண்டுபோக ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

பித்தளை ஃபிட்டிங்கில் ஈயம் உண்டாமே?

பல பித்தளைகளில் கொஞ்சம் உண்டு. கடைசல் பிடிக்கும்போது அது மேற்பரப்பில் பூசினாற்போல் படிந்திருக்கும். இரண்டு பங்கு வெள்ளை வினிகர், ஒரு பங்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவையுங்கள். வெண்ணெய் போன்ற மஞ்சள் நிறம் வந்ததும் எடுத்துக் கழுவிவிட வேண்டும். இன்னும் விட்டால் கறுக்கும். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்கள்.

சென்னையில் வாங்கிவந்த அரை அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பால் வால்வ் கெட்டிலில் ஏறுகிறது, ஆனால் கசிகிறது. (நியூ ஜெர்சி வாசகர்)

இரண்டும் வேறு வேறு மரை. இந்தியாவிலும் பிரிட்டனிலும் பிஎஸ்பி, அமெரிக்காவில் என்பிடி. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் கொதிக்கும் வோர்ட்டுக்கு அந்த இணைப்பை நம்பாதீர்கள். வால்வை மாற்றிவிடுங்கள். கெக்கோடு குழாயை மாட்டும் டிஸ்கனெக்டில் வரும் ஃப்ளேர் இணைப்பில் டேப்பே சுற்றக் கூடாது. அங்கே மூடுவது மரை அல்ல, கூம்பான முகம். கசிந்தால் ஒரு நைலான் வாஷர் போதும்.

கேம்லாக்கா, ட்ரை-கிளாம்ப்பா?

சூடான பக்கத்துக்குக் கேம்லாக், காது போன்ற நெம்புகளால் பூட்டும் இணைப்பு. விலை குறைவு, நொடியில் மாட்டிக் கழற்றலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதன் காதுகள் நன்றாகவே சுடும். ஃபெர்மெண்டருக்கு ட்ரை-கிளாம்ப், இரண்டு தட்டு முனைகளை ஒரு கிளாம்ப் இறுக்கும் இணைப்பு. மரை இல்லாததால் அழுக்கு ஒளிய இடமில்லை. கொதிக்கவைத்த பிறகு பீரைக் காப்பாற்றுவது சுத்தம் ஒன்றுதான், அங்கே செலவைப் பார்க்காதீர்கள்.

அடுத்த ஆண்டு கோவைக்கே திரும்புகிறோம். அங்கும் காய்ச்சலாமா?

முடியாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்கு மட்டும் என்றாலும். கெக்கையும் குழாயையும் கொண்டுபோய் இஞ்சி சோடாவுக்குப் பயன்படுத்துங்கள். எலுமிச்சையும் பனங்கற்கண்டும் சேர்த்தால் அருமையாக இருக்கும்.

பீர் குழாயை எப்போது மாற்றுவது?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லைன் கிளீனர் ஓட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசியபின் குழாய் நுனியை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ பழைய ஹாப்ஸ் வாடையோ மிஞ்சியிருந்தால் அந்தக் குழாயை எறிந்துவிடலாம். ரூட் பியரோ வேறு வாசனைச் சோடாவோ ஓடிய வைனல் குழாய் என்றால் முகரவே வேண்டாம், அந்த வாசனை போகாது. பீருக்குப் புதுக் குழாய் போடுங்கள்.