தொடரில் பிறந்த குழு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவின் ஆர்பிடி குழு 2023இல் நடத்திய இசை நிகழ்ச்சிகளின் காணொளிகளை என் மகள் விடாமல் பார்க்கிறாள். விசாரித்ததில், பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடருக்காக நடிகர்களைப் பொறுக்கியெடுத்து உருவாக்கிய குழு அது என்று தெரிந்தது. தயாரிப்பாளர் கூட்டிச் சேர்த்தவர்களை இசைக்குழு என்று எப்படி ஒப்புக்கொள்வது? பிரிந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அரங்குகள் நிறைவது விளம்பரத்தின் வேலைதானே?

க., திருச்சி

அன்புள்ள க.,

கூட்டிச் சேர்த்த குழுதான், அதில் ஐயமில்லை. கதையே இரவல். அர்ஜென்டினாவில் கிறிஸ் மோரேனா உருவாக்கி 2002இல் ஒளிபரப்பான 'ரெபெல்டே வே' தொடரும், அதிலிருந்து வெளிவந்த 'எர்ரேவே' என்ற நால்வர் குழுவும்தான் மூலம். (அதே தொடரைத் தழுவி ஸ்டார் ஒன் தொலைக்காட்சி 2004இல் இந்தியில் 'ரீமிக்ஸ்' என்று ஒளிபரப்பியது சிலருக்கு நினைவிருக்கலாம்.) மெக்சிகோவின் டெலிவிசா நிறுவனத்துக்காக அதை 'ரெபெல்டே' என்று மறுபடி எடுத்த தயாரிப்பாளர் பெத்ரோ தாமியான், தம் முந்தைய தொடரான 'கிளாசே 406'இல் நடித்த சிலரையும் சேர்த்து ஆறு பேரை அமர்த்தினார். அனாஹி, துல்சே மரியா, மைத்தே பெரோனி, அல்ஃபோன்சோ எர்ரேரா, கிறிஸ்டோஃபர் உக்கர்மன், கிறிஸ்தியன் சாவேஸ் ஆகியோரே அவர்கள். தொடர் 2004 அக்டோபரில் தொடங்கியது. அடுத்த மாதமே முதல் ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது.

ஆனால், இதை வைத்து அந்தக் குழுவைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. 2006 ஜூனில் முடிவதற்குள் 440 அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. கதைக்குள் எலைட் வே பள்ளி மாணவர்கள் ஒரு குழுவைத் தொடங்க, அதே முகங்கள் வெளியே மேடையேறி அதே பாடல்களைப் பாடின. அனாஹி பாடும் 'ஸால்வாமே'யைத் தனியாகக் கேட்டால் சுமாரான காதல் ஏக்கப் பாட்டு என்றுதான் நானும் சொல்வேன். தொடரில் அனாஹி நடித்த, நெற்றியில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு திரியும் மீயா கொலூச்சியையும், தன் தந்தையின் சாவுக்கு அவளுடைய அப்பாவே காரணம் என்று எண்ணிப் பழிவாங்க வந்து அவளிடமே மனதைப் பறிகொடுக்கும் மிகேலையும் மாதக்கணக்கில் பார்த்த ஒரு சிறுமிக்கோ, அந்தப் பாட்டில் மெட்டைவிட அதிகமாக ஏதோ கேட்கிறது. அந்த அதிகத்தை விளம்பரம் செய்து உண்டாக்கிவிட முடியாது. அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்து 2006 கடைசியில் வந்த 'ரெபெல்ஸ்' என்ற ஆங்கில ஆல்பம் ஸ்பானிய ஆல்பங்கள் அளவுக்கு எடுபடாததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

குறை சொல்வதென்றால், இளைஞர்களை இப்படிப் பிழிந்தெடுத்த அவசரத்தைச் சொல்லலாம். 2006 பிப்ரவரி 4 அன்று பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் நடந்த கையெழுத்து நிகழ்ச்சியில் கூட்ட நெரிசலில் மூன்று பேர் இறந்தார்கள். 2007இல், கிறிஸ்தியன் சாவேஸ் கனடாவில் ஓர் ஆணை மணந்துகொண்ட படங்கள் பத்திரிகையில் வெளியாகி, தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதைத் தம் விருப்பமின்றியே அவர் அறிவிக்க நேர்ந்தது. பதின்ம வயதினருக்காக முத்திரையிட்டு விற்கப்பட்ட ஒரு முகத்துக்கு அது எத்தனை பெரிய நெருக்கடி என்பதை யோசித்துப் பாருங்கள்.

விளம்பரம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2008 ஆகஸ்டில் பிரிவை அறிவித்து, டிசம்பரில் மத்ரித் நகரில் கடைசி நிகழ்ச்சியை முடித்தார்கள். 2020 செப்டம்பர் வரை அவர்களுடைய பாடல்கள் இணைய இசைத்தளங்களில்கூட இல்லை. விற்பதற்கு ஆளே இல்லாமல் கிடந்த அந்த ஆண்டுகளில் அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள், அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்து இன்று சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட ரசிகர்கள்தாம். 2023 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோவில் மறுபடி சேர்ந்து இசைப் பயணம் தொடங்கியபோது ஐந்து பேர்தான் மேடையேறினார்கள். நடிப்போடு நின்றுவிட்ட எர்ரேரா வரவில்லை. அப்படியும் அரங்குகள் நிறைந்தன.

மகளோடு உட்கார்ந்து கேட்பதாக இருந்தால், ஆல்பங்களில் தொடங்காமல் 2006 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் எடுத்த பதிவில் தொடங்குங்கள். போர்த்துகீசிய மொழிமாற்றத்தில் தொடரைப் பார்த்த கூட்டம், ஸ்பானியப் பாடல்களை மேடையில் இருப்பவர்களைவிட உரக்கப் பாடுகிறது.