கேள்வி-பதில்: 80 ராடு வாங்கி 76 எடுக்கப் போனால்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வாடகைக் கொட்டகையில் ஒரே ஒரு லேத் வைத்து ஓட்டுகிறேன். ஜவ்வரிசி ஆலைகளுக்கு புஷ் (தண்டு சுழல உள்ளே துளையிட்ட உருளை) கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. போன வாரம் 80 மி.மீ. விட்டத்தில் சி.ஐ. (வார்ப்பிரும்பு) ராடு ஒரு மீட்டர் வாங்கினேன். எனக்கு வேண்டிய ஃபினிஷ், அதாவது கடைந்து முடித்த விட்டம், 76. அரை மி.மீ. ஆழமாக மூன்று கட் போட்டேன். கட்டுக்கு ஒன்றாக மூன்று டிப் (டூலின் வெட்டும் முனை) மழுங்கியதுதான் மிச்சம். 77-க்கு வந்தும் குழி போகவில்லை. ஒரு பக்கம் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. "கட் போட்ட மால், திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். தப்பு யார் பேரில்? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: பாதித் தப்பு உங்கள் பேரில். மீதிப் பாதி யார் பேரில் என்பதை உங்கள் லேத்தே சொல்லிவிடும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மண் அச்சில் ஊற்றிய ராடுக்கு ஒரு தோல் உண்டு. உருகிய இரும்பு மண்ணைத் தொட்ட இடத்தில் மணல் துகள் ஒட்டி, வெந்து, கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். வெளிப்புறம் சட்டென்று குளிர்ந்திருந்தால், உள்ளே கிராஃபைட்டாகப் பிரிய வேண்டிய கார்பன் பிரியாமல் இரும்போடு சேர்ந்து வெள்ளை இரும்பாகிவிடும். அதை டூல் வெட்டாது. டூலைத்தான் அது தின்னும். முனை, விளிம்பில் இந்தக் கடினம் இன்னும் அதிகம். அரை மி.மீ. கட் போட்டால் டிப்பின் மூக்கு நேராக இந்தத் தோலுக்குள்ளேயே உரசிக்கொண்டு போகும். பயந்து பயந்து மெல்லிசாகக் கட் போட்டதால்தான் டிப் போனது. முதல் கட்டிலேயே தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். மூக்கு நல்ல இரும்பில் இருந்தால், மேலே இருக்கிற மணல் தோல் அதோடு பெயர்ந்து வந்துவிடும். கழிவுக்கு இடம் விட்டு வாங்கிய ராடில் பக்கத்துக்கு 2.5 மி.மீ. ஆழம், ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) கால் மி.மீ., வேகம் குறைவு. 80 விட்டத்துக்கு 200 சுற்று என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். தோல் உரிக்க அதற்கு மேல் வேண்டாம். அதற்கு முன்னால் ராடை வயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, டூல் நுழையும் விளிம்பை கிரைண்டரில் சாய்வாகத் தட்டி எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். டிப் டூலின் கம்பில் என்ன பெயின்ட் அடித்திருக்கிறது? நீலம் என்றால் அது ஸ்டீலுக்கான பி கிரேடு. வார்ப்பிரும்புக்கு சிவப்பு, அதாவது கே கிரேடு. மூன்று டிப் வரிசையாகப் போனது என்றதும் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வந்தது.

சரி, குழிக்கு வருவோம். ஒரு பக்கம் மட்டும் என்கிறீர்கள். ஊற்றும்போது அந்தப் பக்கம் மேலே இருந்திருக்கும். காற்று, கசடு, கழன்ற மண் எல்லாம் மிதந்து அங்கேதான் போய் நிற்கும். ஒரு ஊசியை எடுத்துக் குழிக்குள் விட்டுப் பாருங்கள். கோணல்மாணலாக, நெருடலாக, மணல் துகள் உதிர்ந்தால் அது மண் பிடிப்பு. பெரும்பாலும் தோலோடு முடிந்துவிடும். உட்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் காற்றுக் குழி. இது வில்லங்கம். வெளியே ஒன்றும் தெரியாமல் தோலுக்குக் கீழே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். மூன்றாவது ஒன்று, நடுமையத்தில் பஞ்சு மாதிரி வரும் சுருக்கக் குழி. புஷ் வேலைக்கு நடுவைத்தான் போர் அடித்து (துளை கடைந்து) எடுத்துவிடுகிறீர்களே, அதனால் உங்களுக்கு அது பொருட்டில்லை.

இப்போது செய்ய வேண்டியது: ராடில் குழி அதிகமாகத் தெரியும் பகுதியில் 50 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். மீதி ராடைத் தொடாதீர்கள். துண்டை 74-க்கு, அதாவது பக்கத்துக்கு 3 மி.மீ. போகும்வரை கடையுங்கள். மண் வார்ப்பு ராடில் அந்த அளவு கழிவு விடுவது பட்டறை வழக்கம்தான். 74-ல் சுத்தமாக வந்தால் ராடு நல்ல ராடு. 76-க்கு 80 வாங்கியதுதான் பிழை. அந்த ராடை 72, 70 புஷ்ஷுக்கு ஓட்டிவிடலாம். 74-லும் குழி தொடர்ந்தால் சரக்கு மோசம். அந்தத் துண்டுதான் உங்கள் சாட்சி. பத்திரமாக வையுங்கள், துரு ஏறாமல் எண்ணெய் தடவி.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பட்டறை வைத்திருந்த காலத்தில் ஒரு கடையில் 100 மி.மீ. ராடு வாங்கினேன். மேலே கிராஃபைட் கலர் பூசியிருந்தது, பார்க்க அழகு. போர் முடித்து, வெளிப்புறம் கடைசிக் கட் ஓடும்போது ஒரு குழியிலிருந்து புட்டி உதிர்ந்தது. கோபத்தில் ஜாபைத் தூக்கிக் கழிவு இரும்பில் போட்டுவிட்டேன். மறுநாள் கடையில் போய் நின்றபோது காட்ட என் கையில் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து ராடு எடுக்கப் போகும்போது பையில் ஒரு கீறு ஊசி இருக்கும். பூச்சு தெரிகிற இடத்தில் கீறினால் புட்டி வெள்ளையாக வரும், இரும்பு மினுக்கும்.

அடுத்த முறை 85 கேளுங்கள். ஒரு மீட்டர் 80 ராடு சுமார் 36 கிலோ. 85 என்றால் 41. ஐந்து கிலோ மிச்சம் பிடிக்கப் போய் மூன்று டிப்பும் ஒரு வாரமும் போயிற்று. 85 இருந்தால் ஒரு பக்கம் குழி ஆழமாக இருந்தாலும் நாலு தாடை சக்கில் (லேத்தில் ராடைப் பிடிக்கும் தலை) ஒரு மி.மீ. தள்ளிப் பிடித்து, கெட்ட பக்கத்தில் 5.5 எடுத்து, நல்ல பக்கத்தில் 3.5 எடுத்துத் தப்பிக்கலாம். 80-ல் அதற்கு இடமே இல்லை.

கன்டினுவஸ் காஸ்ட் ராடு என்று தனியாகக் கிடைக்கிறது. தண்ணீரால் குளிரூட்டிய கிராஃபைட் அச்சு வழியாக இழுத்து எடுப்பது. மண்ணே படாததால் மண் பிடிப்பும் இல்லை. கிலோ விலை கூடுதல்தான். ஆனால் கிலோவைப் பார்க்காமல், உருப்படியாக வந்த புஷ் ஒன்றுக்கு என்ன ஆயிற்று என்று கணக்குப் போடுங்கள். அதற்கும் மேல் தோல் கொஞ்சம் உண்டு. எவ்வளவு கழிவு விட வேண்டும் என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் பில்லில் வெறும் "சி.ஐ. ராடு" என்று எழுத விடாதீர்கள். "எஃப்.ஜி. 200, 76 ஃபினிஷுக்கு" என்று எழுதி வாங்குங்கள். ஐ.எஸ். 210 என்ற இந்தியத் தரப்படி எஃப்.ஜி. 200 என்பது வார்ப்பிரும்பின் ஒரு ரகம், 200 என்பது அதன் இழுவலிமை. குழி இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. ஆனால் "76 ஃபினிஷுக்கு" என்ற இரண்டு வார்த்தை உங்களைக் காப்பாற்றும்.

ஏன் என்றால் சட்டம் அப்படி. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, அந்தச் சரக்கை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பார்த்து வாங்கியிருந்தால், பார்வைக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அவர் பொறுப்பில்லை. உள்ளே ஒளிந்திருந்த காற்றுக் குழி அந்தக் கணக்கில் வராது. கட் போடாமல் அது தெரியவும் தெரியாது. ஆகவே "கட் போட்ட மால்" என்ற பேச்சு அங்கே முழுதாக எடுபடாது. ஆனால் குறை தெரிந்த பிறகும் முழு ராடையும் கடைந்து முடித்துவிட்டுப் போனால் உங்கள் பக்கம் வலுவிழக்கும். மீதியைத் தொடாதீர்கள் என்றது இதற்காகத்தான். இன்றே போட்டோவோடு எழுத்தில் தெரியப்படுத்துங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் சரி.

நுகர்வோர் ஆணையம்? வணிக நோக்கத்துக்கு வாங்கினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கியவருக்கு உண்டு. 1995-ல் ஒரு டர்னிங் மெஷின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தானே இயந்திரம் ஓட்டிப் பிழைத்தால் உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் இருந்தாலும் அவர் நுகர்வோர்தான் என்று விளக்கியது. "இது இயந்திரமில்லை, மூலப்பொருள்" என்று எதிர்த்தரப்பு வாதாடும், தயாராக இருங்கள். அதே 2019 சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். வழக்குப் போட 2 வருடம் அவகாசம். ஐந்து லட்சத்துக்குள் இருக்கும் பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு மீட்டர் ராடுக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது வேறு விஷயம். நானாக இருந்தால் அந்த 50 மி.மீ. துண்டைக் கடைக்காரர் மேஜையில் வைத்துப் பேசுவேன்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். சேலத்தில் வாங்கிய வார்ப்பிரும்பு தோசைக்கல்லில் பொடிப்பொடியாகக் குழி. தோசை ஒட்டுகிறது. லேத்தில் கொடுத்து வழித்துவிடலாமா அக்கம்பக்கத்தில் சொல்வது போல?

பதில்: வேண்டாம்மா. ஊசி முனை அளவுக் குழிகள் எண்ணெய் ஏறி ஏறித் தானாக அடைபடும். ஒட்டுவதற்குக் காரணம் கல் பழகாததுதான். மெல்லிய கல்லைச் சக்கில் இறுக்கினால் விரிசல் விடலாம், வழித்தால் இன்னும் மெலிந்து சூடு சீராகப் பரவாது. குழிக்குள் அரிசி நுழைகிற அளவு பெரிதாக இருந்தாலோ, சுண்டினால் கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று கேட்டாலோ, பில்லோடு கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றபடி கழுவி, நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் காயவிட்டு, நாலைந்து நாள் வெங்காயத்தால் தேயுங்கள். முதல் இரண்டு தோசை கறுப்பாக வரும். அதை மாட்டுக்குப் போட்டுவிடுங்கள்.